ஓர் ஊருக்கு ஒரு செய்தி வானொலி: தாக்குப்பிடிக்குமா?

வானொலிச் செய்தி என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நேரம் குறித்து வரும் செய்தி அறிக்கைதான். காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணி, சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்புறம் பாட்டு. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பெருநகரங்களில் இதற்கு நேர் எதிரான ஒரு வகை உண்டு. 24 மணி நேரமும் செய்தி, செய்தி மட்டுமே. பாட்டு கிடையாது, நேயர் தொலைபேசி கிடையாது, அரசியல் சண்டை கிடையாது. எப்போது திறந்தாலும் சில நிமிடங்களுக்குள் தலைப்புச் செய்தி, சாலை நெரிசல், வானிலை மூன்றும் காதில் விழுந்துவிடும். இதை ‘ஆல் நியூஸ்’ என்கிறார்கள். காலையில் மட்டும் செய்தி சொல்லிவிட்டு மீதி நாளெல்லாம் கருத்துப் பேச்சாளர்களை வைத்து ஓட்டும் ‘நியூஸ் டாக்’ வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். நியூஸ் டாக்கில் ஒரு பேச்சாளர் மூன்று மணி நேரத்தை நிரப்பிவிடுவார். ஆல் நியூஸில் ஒவ்வொரு நிமிடத்தையும் யாரோ ஒருவர் எழுதியாக வேண்டும்.

ஓர் ஊரில் ஏற்கெனவே பத்து இருபது நிலையங்கள் ஒலிக்கும்போது, புதிதாக இப்படி ஒன்றைத் தொடங்கினால் நிற்குமா? பெரும்பாலான ஊர்களில் நிற்காது. நிற்கும் ஊர்களிலும் ஒன்றுதான் நிற்கும். காரணம் செய்திப் பஞ்சம் இல்லை. செலவும் வரவும் நகரும் விதம்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1961-இல் கார்டன் மெக்லெண்டன் என்பவர் மெக்சிகோவின் டிஹுவானாவில் இருந்த எக்ஸ்ட்ரா என்ற நிலையத்தைக் கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு நாள் முழுக்கச் செய்தி வாசித்தார். செய்தி நிறுவனங்களின் டெலிபிரின்டரில் வருவதைக் கிழித்து அப்படியே வாசிப்பதுதான் அதன் முறை. உண்மையான செய்தி அறையோடு இதைச் செய்தது வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம்: 1965 ஏப்ரலில் நியூயார்க்கின் 1010 வின்ஸ், அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் கேஒய்டபிள்யூ. “எங்களுக்கு 22 நிமிடம் கொடுங்கள், உங்களுக்கு உலகத்தைத் தருகிறோம்” என்பது வின்ஸின் வாசகம். அதைக் கண்டு சிபிஎஸ் நிறுவனமும் 1967 ஆகஸ்டில் நியூயார்க்கிலேயே டபிள்யூசிபிஎஸ் 880-ஐச் செய்தி நிலையமாக்கியது. தொடக்க நாளுக்கு முந்தின நாள் ஒரு சிறு விமானம் அதன் கோபுரத்தில் மோதி விழுந்துவிட, முதல் ஒலிபரப்பு எஃப்எம்மில்தான் போயிற்று. பிறகு லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, சான் ஃபிரான்சிஸ்கோ, வாஷிங்டன் என்று பரவியது. கனடாவில் 1993 ஜூனில் டொரோண்டோவின் 680 நிலையம் ஹிட் பாடல்களை விட்டுவிட்டுச் செய்திக்கு மாறியது. ஸ்கார்பரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகும் தமிழர்கள் பலருக்கு அது பழக்கமான குரல்.

ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர்

செலவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வகுத்தல் போதும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்வார். 168-ஐ 40-ஆல் வகுத்தால் 4.2. விடுப்பு, காய்ச்சல், பண்டிகை எல்லாம் சேர்த்தால் ஐந்து. அதாவது செய்தி அறையில் எப்போதும் ஆள் இருக்க வேண்டிய ஒவ்வொரு நாற்காலிக்கும் சம்பளப் பட்டியலில் ஐந்து பேர் வேண்டும்.

எத்தனை நாற்காலி? ஒலிவாங்கியின் முன் வாசிப்பாளர் ஒருவர். காலை மாலை நெரிசல் நேரங்களில் இருவர். எதை எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் செய்தி ஆசிரியர் ஒருவர். எழுதுபவர் ஒருவர். ஒலித் துண்டுகளை வெட்டி, விளம்பரங்களை ஓடவிட்டு, ஒலிக்கட்டுப்பாட்டு மேசையைப் பார்ப்பவர் ஒருவர். வெளியே நிருபர்கள், சராசரியாகப் பார்த்தால் எந்த நேரமும் இரண்டு மூன்று பேர். இரவில் குறைவு, பகலில் அதிகம். சுமார் ஏழு நாற்காலி, 35 ஆள். டிராஃபிக்கையும் வானிலையையும் வெளி நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளலாம். அதற்குத் தனிச் செலவு.

பக்கத்து அறையில் ஓடும் பாட்டு நிலையம் இரவெல்லாம் கணினியில் ஓடும். அறிவிப்பாளர் ஐந்து மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சை அரை மணி நேரத்தில் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே நேயருக்கும் அது குறையாகத் தெரியாது. செய்தி நிலையத்தில் அந்தச் சிக்கனத்துக்கு இடமே இல்லை.

எழுத்து வேலையைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 14 நிமிடம், டிராஃபிக்கும் வானிலையும் 10 நிமிடம் என்று கழித்தால் 36 நிமிடம் மிஞ்சும். ஆங்கிலச் செய்தி வாசிப்பு நிமிடத்துக்குச் சுமார் 160 சொல். ஒரு மணி நேரத்துக்கு 5,700 சொற்களுக்கு மேல். எல்லாமே புதிதாக இருக்க வேண்டியதில்லை. சுழற்சியில் திரும்ப வரும். ஆனால் திரும்ப வருவது அதே வாக்கியமாக இருக்கக் கூடாது. புதிய நிலையங்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

எடுத்துக்காட்டாக, ஒரு பாலத்தில் லாரி கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலை 6.10: “பாலத்தில் லாரி கவிழ்ந்ததால் மூன்று தடங்கள் மூடப்பட்டுள்ளன.” 6.32: “பாலத்தைக் கடக்க இப்போது 40 நிமிடம் ஆகிறது. கவிழ்ந்த லாரியைத் தூக்க கிரேன் வந்துகொண்டிருக்கிறது.” 7.02: “பாலத்தில் ஒரு தடம் திறந்தாகிவிட்டது. ஓட்டுநருக்குக் கால் முறிவு.” சம்பவம் ஒன்றுதான். மூன்று முறையும் முதல் வாக்கியம் புதிது. அந்த நிமிடத்தில் நேயருக்கு எது தேவையோ அது முன்னால் வந்திருக்கிறது. சமையலறையில் 6.10-க்குக் கேட்டவர் 7.02-க்கு காரில் கேட்கும்போது ‘பழைய டேப்பைப் போடுகிறார்கள்’ என்று நினைத்துவிட்டால் அவர் நாளைக்கு வரமாட்டார். எழுதும் நாற்காலியைச் சிக்கனம் பிடிக்கும் நிலையம், தெரிந்தோ தெரியாமலோ அப்படித்தான் ஒலிக்கும்.

ஐந்து நிமிட விருந்தாளிகள்

பாட்டு நிலையத்தைத் திறந்தவர் மணிக்கணக்கில் விட்டுவைப்பார். செய்தி நிலையத்துக்கு வருபவர் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடுவார். மாலையில் மறுபடி வருவார். ஆகவே செய்தி நிலையத்தின் பிழைப்பு இரண்டு எண்களில் இருக்கிறது: வாரத்தில் எத்தனை தனித்தனி ஆட்கள் எட்டிப்பார்க்கிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை தடவை வருகிறார்கள்.

அமெரிக்கப் பெருநகரங்களில் இதை அளப்பது நீல்சன் நிறுவனம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள் உடலோடு ஒரு சிறு கருவியை வைத்துக்கொள்வார்கள். நிலையத்தின் ஒலியில் காதுக்குப் புலப்படாமல் கலந்திருக்கும் குறியீட்டை அது பிடித்துப் பதிவு செய்யும். கணக்கின் அலகு கால் மணி. ஒரு கால் மணிக்குள் 5 நிமிடம் கேட்டிருந்தால் அந்தக் கால் மணி முழுதும் நிலையத்தின் பேரில் எழுதப்படும். பல ஆண்டுகள் இருந்த இந்த விதி 2025 ஜனவரியில் 3 நிமிடமாகக் குறைந்தது.

காலை 6 முதல் நள்ளிரவு வரை, ஏழு நாளைக்கு மொத்தம் 504 கால் மணிகள். ஒரு செய்தி நிலையத்துக்கு வாரத்தில் 1,00,000 பேர் வந்து, ஒவ்வொருவரும் 3 மணி நேரம், அதாவது 12 கால் மணி, கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 × 12 ÷ 504. எந்த ஒரு கால் மணியிலும் சராசரியாக 2,381 பேர். ஒரு பாட்டு நிலையத்துக்கு 60,000 பேர்தான் வருகிறார்கள், ஆனால் 6 மணி நேரம் கேட்கிறார்கள் என்றால் 2,857. நாற்பதாயிரம் பேர் அதிகமாக வந்தும் செய்தி நிலையம் பின்தங்குகிறது. அதனால்தான் சின்ன ஊரில் இது எடுபடுவதில்லை. வந்து வந்து போகும் கூட்டம் பெரிதாக இருந்தால்தான் எண் ஏறும்.

இப்போது டிராஃபிக் ஏன் 10 நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்பது புரியும். வாஷிங்டனின் டபிள்யூடிஓபி நிலையம் மணிக்கு 8, 18, 28, 38, 48, 58 நிமிடங்களில் சாலை நிலவரமும் வானிலையும் சொல்லும். ஊரில் எல்லாருக்கும் அந்த ‘எட்டு’ மனப்பாடம். 6.10-க்குக் காரைக் கிளப்பியவர் ‘இன்னும் எட்டே நிமிடம்’ என்று பொறுப்பார். 6.18-க்கு நிலவரம் கேட்டு, கூடவே வரும் வானிலையையும் கேட்டு, 6.20-க்கு அணைக்கிறார். மொத்தம் 10 நிமிடம். பழைய 5 நிமிட விதியிலும் 6.00–6.15-க்குள் ஐந்து, 6.15–6.30-க்குள் ஐந்து, இரண்டு கால் மணிகள் கணக்கில் ஏறிவிட்டன. அவரே 6.01-இலிருந்து 6.11 வரை கேட்டிருந்தால் ஒரே ஒரு கால் மணிதான். அதே பத்து நிமிடம், பாதிப் பலன். செய்தி நிலையங்கள் நிமிடக் கணக்கில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு பத்து நிமிடத் துண்டு பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: சாலை நிலவரம் 1 நிமிடம், வானிலை முக்கால் நிமிடம், விளம்பரம் 1 நிமிடம்; பிறகு முதல் செய்தி, சம்பவ இடத்துக் குரலோடு 45 வினாடி; அதன்பின் அரை நிமிடச் செய்திகளாக ஏழெட்டு; இடையில் இன்னும் ஒன்றேகால் நிமிட விளம்பரம்; விளம்பரத்துக்கு முன் ‘அடுத்து வருவது’ என்று ஒரு வரி. விளையாட்டு, பங்குச் சந்தை இவற்றுக்கு மணிக்கு இரண்டு முறை நிரந்தர இடம். நிலையத்துக்காரர்கள் இந்த அமைப்பைக் ‘கிளாக்’ என்பார்கள். மாலை முழுக்க பேஸ்பால் ஆட்டத்தை ஒலிபரப்ப உரிமை வாங்கி வைத்தால் பணம் வரலாம். ஆனால் அந்த மூன்று மணி நேரம் கிளாக் உடைகிறது. ‘எப்போது திறந்தாலும்’ என்ற வாக்குறுதி போய்விடுகிறது. நிலைபெற்ற பழைய நிலையம் அதைத் தாங்கும். புதிதாகத் தொடங்கியது தாங்காது.

இங்கே சென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தியாவின் 2011 மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கைப்படி தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றமின்றி மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். ஆனால் சாலை நெரிசல், வானிலை, தேர்வு முடிவு, மின்வெட்டு, குடிநீர் அறிவிப்பு, இயற்கைச் சீற்ற எச்சரிக்கை ஆகியவை செய்தி அல்லாதவை என்று அதே கொள்கை ஒதுக்கித் தந்திருக்கிறது. ஆக, ஒரு செய்தி நிலையத்தின் பாதி உறுப்புகள் நம் தனியார் எஃப்எம்களிடம் சட்டப்படியே இருக்கின்றன. இதயம்தான் இல்லை. அது திறக்கப்பட வேண்டிய கதவு என்பதே எங்கள் கருத்து. இலங்கையில் தனியார் தமிழ் வானொலிகள் நெடுங்காலமாகச் சொந்தச் செய்தி வாசித்துவருகின்றன. வானம் இடிந்து விழவில்லை.

சிறிய ஊருக்கும் அதே செலவு

35 பேருக்கு, சலுகைகளோடு சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு 75,000 டாலர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 26 லட்சத்துச் சொச்சம் டாலர். செய்தி நிறுவனச் சந்தா, டிராஃபிக் சேவை, கோபுர வாடகை, மின்சாரம், இணையதளம், விளம்பரப் பிரிவு, ஊர் முழுக்கத் தட்டி வைக்கும் செலவு எல்லாம் சேர்ந்து இன்னும் 14 லட்சம். ஆண்டுக்கு 40 லட்சம் டாலர்.

வரவு: வார நாட்களில் காலை 6–10, மாலை 3–7 ஆகிய நெரிசல் நேரங்கள்தான் உண்மையான சந்தை. வாரத்துக்கு 40 மணி நேரம். மணிக்கு 13 விளம்பரம் என்றால் 520 இடம். அதில் 70 சதவீதம் விற்றால் 364. ஒரு விளம்பரம் 250 டாலருக்குப் போகும் நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 47 லட்சம். விளம்பர முகமை 15 சதவீதம் எடுத்துக்கொண்டால் கையில் 40 லட்சம். தலைக்குத் தலை சரியாகப் போயிற்று. அதே விளம்பரம் 40 டாலருக்குத்தான் போகும் ஊரில் மொத்தமே ஏழரை லட்சம். செலவு மட்டும் பெரிதாகக் குறையாது. சின்ன ஊரிலும் வாரத்துக்கு 168 மணி நேரம்தானே?

இந்தப் பள்ளத்தை நிரப்பத் தேசிய அளவில் ஒரு முயற்சி நடந்தது. 1975 ஜூனில் என்பிசி நிறுவனம் ஒரு முழுநேரச் செய்தித் தொடரைத் தொடங்கியது. மணியின் பெரும்பகுதியை என்பிசி நிரப்பும். உள்ளூர் நிலையம் தன் பங்குக்குக் கொஞ்சம் உள்ளூர்ச் செய்தி சேர்த்துக்கொண்டால் போதும். யோசனை கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தா கட்டச் சேர்ந்த நிலையங்கள் போதவில்லை. 1977 மே மாதம் மூடினார்கள். நியூயார்க்கில் அந்தத் தொடரை ஒலித்த அவர்களுடைய சொந்த எஃப்எம் நிலையம், வின்ஸும் டபிள்யூசிபிஎஸ்ஸும் ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்த ஊரில் மூன்றாவதாக நுழைந்தது. தன் ஊர்ப் பாலத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வருபவருக்குத் தேசியச் செய்தியை எவ்வளவு நேர்த்தியாகக் கொடுத்தாலும் அது இரண்டாம் பட்சம்தான்.

வாஷிங்டனில் நடந்தது

போட்டி என்றால் என்ன என்று பார்க்க வாஷிங்டனைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

டபிள்யூடிஓபி 1969-இலிருந்து செய்தி நிலையம். 2006 ஜனவரியில் 1500 ஏஎம்மிலிருந்து 103.5 எஃப்எம்முக்கு மாறியது. புறநகர்களில் ஒலி தேயும் இடங்களுக்காக வர்ஜீனியாவின் மனாசஸ் பக்கம் 107.7, மேரிலாந்தின் ஃபிரெடரிக் பக்கம் 103.9 என்று இரண்டு துணை அலைவரிசைகளையும் வைத்துக்கொண்டது. 2011-இல் ஹப்பர்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2010-களில் பல ஆண்டுகள் அமெரிக்காவிலேயே அதிக வருவாய் ஈட்டிய வானொலி நிலையம் இதுதான். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் பாட்டு நிலையங்களையெல்லாம் தாண்டி. நகரைச் சுற்றும் பெல்ட்வே சாலையின் நெரிசல் ஒரு காரணம். பனிப்புயல் நாளில் மத்திய அரசு அலுவலகங்கள் திறக்குமா மூடுமா என்று விடியற்காலையில் தெரிந்துகொள்ள வேண்டிய லட்சக்கணக்கான ஊழியர்கள் இன்னொரு காரணம். அரசு ஒப்பந்தம் தேடும் பாதுகாப்பு, கணினி நிறுவனங்கள் அந்த அதிகாரிகளின் காதுக்காகவே விளம்பரம் கொடுக்கின்றன. அந்த வகை விளம்பரதாரர் மற்ற ஊர்களில் அரிது.

இதைப் பார்த்து 2012 ஜனவரியில் சிபிஎஸ் ரேடியோ ‘ஆல் நியூஸ் 99.1’ நிலையத்தைத் தொடங்கியது. கத்துக்குட்டி நிறுவனம் இல்லை. நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ எல்லா இடத்திலும் செய்தி நிலையம் நடத்திவந்த ஆட்கள். பணம் இருந்தது, அனுபவம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். ஆனால் நேயர் பட்டியலின் அடிப்பகுதியை விட்டு நிலையம் எழவே இல்லை. 2015 டிசம்பரில் புளூம்பெர்க்கின் வணிகச் செய்தித் தொடருக்கு அலைவரிசையைக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு தவறுகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, ஒலிவீச்சு. 99.1-இன் உரிமம் மேரிலாந்துப் பக்கத்தது. நகரத்துக்குக் கிழக்கே பலமாக ஒலித்தது. பணமும் நெரிசலும் மிகுந்த வடக்கு வர்ஜீனியாவில் மெலிந்தது. நெரிசலில் நிற்பவருக்காகவே நடத்தும் நிலையம் அவர் நிற்கும் இடத்தில் இரைச்சலாகக் கேட்டால் என்ன பயன்?

மற்றது இன்னும் ஆழமானது. செய்தியில் ‘கொஞ்சம் வித்தியாசமான இன்னொன்று’ என்பதற்கு நேயரிடம் தேவை இல்லை. பாட்டில் ரசனை பலவிதம். ஒரே ஊரில் நான்கு பாட்டு நிலையங்கள் நான்கு விதமாகப் பிழைக்கலாம். பெல்ட்வேயில் எங்கே நெரிசல் என்ற கேள்விக்குப் பதில் ஒன்றுதான். அதைச் சொல்லும் நிலையம் எது என்பது காரில் முதல் பொத்தானாக ஏற்கெனவே பதிந்து கிடக்கிறது. ஐந்தாறு சதவீதம் நன்றாகச் செய்வதால் அந்தப் பொத்தானை யாரும் மாற்றமாட்டார்கள்.

பெருநகரங்களின் வரலாறும் இதையே சொல்கிறது. சிகாகோவில் டபிள்யூபிபிஎம்மோடு போட்டியிட்ட டபிள்யூஎம்ஏக்யூ 2000-இல் முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கேஎன்எக்ஸின் போட்டியாளர் கேஎஃப்டபிள்யூபி 2009-இல் செய்தியை விட்டது. நியூயார்க்கில் மட்டும் இரண்டும் 57 ஆண்டுகள் ஓடின. 1995-இல் வெஸ்டிங்ஹவுஸ் சிபிஎஸ்ஸை வாங்கியதிலிருந்து இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான். கடைசியில் 2024 ஆகஸ்ட் 26-இல் டபிள்யூசிபிஎஸ் செய்தியை நிறுத்தி, அலைவரிசை விளையாட்டுக்குப் போயிற்று. நாட்டின் மூன்று பெரிய நகரங்களிலும் இன்று ஆளுக்கொன்றுதான்.

2011-இல் இன்னொரு கணக்குப் போட்டவர்கள் உண்டு. பழைய செய்தி நிலையங்கள் எல்லாம் இரைச்சல் மிகுந்த ஏஎம்மில் கிடக்கின்றன, இளையவர்கள் எஃப்எம்மில் இருக்கிறார்கள், ஆகவே எஃப்எம் செய்தி என்றால் வழி திறந்திருக்கிறது என்பது கணக்கு. மெர்லின் மீடியா நிறுவனம் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ‘எஃப்எம் நியூஸ்’ தொடங்கியது. சிகாகோவில் அவர்கள் தொடங்கிய கையோடு சிபிஎஸ் நிறுவனம் டபிள்யூபிபிஎம்மை 105.9 எஃப்எம்மிலும் சேர்த்து ஒலிக்கவைத்தது. புதியவரின் ஒரே ஆயுதம் அங்கேயே மழுங்கிவிட்டது. ஓராண்டில், 2012 ஜூலையில், இரு ஊரிலும் மூடினார்கள். இன்று வின்ஸ், கேஎன்எக்ஸ், கேஒய்டபிள்யூ எல்லாம் எஃப்எம்மிலும் ஒலிக்கின்றன. அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஹூஸ்டன் கொஞ்சம் வேறு. அங்கே முழுநேரச் செய்தியில் வணிகப் போட்டியாளர் இல்லை. ரேடியோ ஒன் நிறுவனம் 2011 நவம்பரில் ‘நியூஸ் 92’-ஐத் தொடங்கியது. ஆனால் காலையில் செய்தி சொல்லும் பலமான நியூஸ் டாக் நிலையம் ஒன்று 740 ஏஎம்மில் இருந்தது. அதே ஆண்டு, நேயர் நன்கொடையில் ஓடும் பொது வானொலியும் மேற்கத்தியச் செவ்வியல் இசையை வேறு அலைவரிசைக்கு அனுப்பிவிட்டு முழுக்கப் பேச்சு, செய்திக்கு மாறியிருந்தது. மூன்று ஆண்டு முடியும் முன்பே, 2014 அக்டோபர் 8-இல், நியூஸ் 92 நின்றது. சில நாள் பியான்சே பாடல்களை மட்டுமே ஒலித்துவிட்டு, பழைய ஹிப்ஹாப் நிலையமாக மாறினார்கள். நேயர் பங்கு சீக்கிரத்தில் பல மடங்கு ஏறியது, ஆள் செலவு ஒரு துளிக்கு இறங்கியபிறகு. எந்த முதலாளியும் செய்தி நிலையத்தைப் பார்க்கும்போது இந்த ஒப்பீடு மனதுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

உங்கள் ஊருக்குச் சோதித்துப் பார்க்க

இதையெல்லாம் மீறி ஓர் ஊருக்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்க வேண்டுமானால், பணம் போடும் முன் செய்ய வேண்டியவை சில.

முதலில் ஒலிவீச்சு. உரிமத்தோடு வரும் வரைபடத்தை நம்ப வேண்டாம். காலை 7 மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு, ஊரின் அதிக நெரிசலான ஐந்து சாலைகளில் ஓட்டிப் பாருங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும், அலுவலகத்துக்குள் மேசை வானொலியிலும் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்களில் கால்வாசிப் பேர் ஓட்டும் பாதையில் ஒலி தேய்ந்தால், துணை அலைவரிசை வாங்க வழி இருந்தாலொழிய அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, இருப்பவர்களை அளக்க வேண்டும். மூன்று வார நாட்கள், காலை 6 முதல் 9 வரை, ஊரில் செய்தி சொல்லும் எல்லா நிலையங்களையும் பதிவு செய்து, நிமிட வாரியாக எழுதுங்கள்: உள்ளூர்ச் செய்தி எத்தனை, தேசியச் செய்தி எத்தனை, வெறும் அரட்டை எத்தனை, டிராஃபிக் எத்தனை முறை. பொது வானொலியையும் சேர்த்துத்தான். நேயர் ஏற்கெனவே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சாலை நிலவரம் பெறுகிற ஊர் என்றால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. மணிக்கு இரண்டு முறை, அதுவும் அரட்டைக்கு நடுவில் என்றால் இடம் இருக்கிறது.

கைபேசி வரைபடம் சாலை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறதே என்பது நியாயமான கேள்வி. எந்த வழியாகப் போவது என்று அது சொல்லும். ஏன் நிற்கிறோம், எப்போது விடியும் என்று சொல்லாது. அந்த ‘ஏன்’ தெரிய ஆள் வேண்டும். நிலையத்தின் மதிப்பு இன்று அங்கேதான் மிச்சமிருக்கிறது. வெறும் கேமராவைப் பார்த்துச் சாலைப் பெயர்களை ஒப்பிக்கும் டிராஃபிக் வாசிப்புக்கு இனி யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

நடுத்தர ஊர்களுக்கு எங்கள் பரிந்துரை, முழுநேர ஆசையை விட்டுவிடுவது. காலை 5–9, மாலை 3–6 மட்டும் சுத்தமான செய்திக் கிளாக். மீதி நேரத்துக்கு வாங்கிய நிகழ்ச்சிகள். வாரத்துக்கு 168 மணி நேரம் 35 மணி நேரமாகச் சுருங்கும். ஒரு நாற்காலிக்கு ஒரே ஆள் போதும். உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தோடு நிருபர்களைப் பகிர்ந்துகொண்டால் இன்னும் குறையும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. தொலைக்காட்சி நிருபர் படத்துக்காக எழுதுவார். “இங்கே நீங்கள் பார்ப்பது” என்ற வாக்கியம் வானொலியில் செத்த வாக்கியம். மறுபடி எழுத ஆள் இல்லாமல் அப்படியே ஓடவிட்டால் நேயருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

பிறகு பொறுமை. பழக்கம் ஏறுவது மெல்லத்தான். ஒரு பெரிய பனிப்புயல், ஒரு வெள்ளம், ஒரு பெரிய விபத்து என்று படிப்படியாக. அந்த நாட்களில் நிலையத்துக்கு வந்து, தேவையானது கிடைத்து, திரும்பிவந்தவர்கள்தான் நிரந்தர நேயர்கள். ஐந்து ஆண்டு இழப்பைத் தாங்கும் பணம் கையில் இல்லாமல் தொடங்குவது அந்த 35 பேருக்கும் செய்யும் அநியாயம். மெர்லின் தாங்கியது ஓர் ஆண்டு, ஹூஸ்டனின் நியூஸ் 92 மூன்று, வாஷிங்டனின் 99.1 நான்கு.

கடைசிச் சோதனை காசில்லாதது. திட்டத்தில் எழுதியிருக்கும் ஆள் அட்டவணையை எடுத்து, சனிக்கிழமை அதிகாலை 2 மணிக் கட்டத்தில் விரலை வையுங்கள். அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே ஒரு ரசாயன ஆலையில் தீப்பிடித்தால் யார் தொலைபேசியை எடுப்பார், யார் எழுதுவார், யார் ஒலிவாங்கியைத் திறப்பார், யார் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்? நான்கு பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கிறதா, இல்லை ‘பதிவு செய்தது ஓடும்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.